இணைந்தால்தான் சரியாகப் பிரிய முடியும்: குன்றல் பகுப்பைக் கற்பித்தல்

மரபியல் பாடத்தில் குன்றல் பகுப்பு வந்ததும் நாம் வழக்கமாக ஒரு படத்தைக் கரும்பலகையில் வரைகிறோம். ஒரு வட்டத்துக்குள் சிவப்பு சாக்பீஸில் ஒரு குரோமோசோம், நீல சாக்பீஸில் ஒரு குரோமோசோம். அடுத்த படத்தில் இரண்டும் அருகருகே நிற்கும். அதற்கடுத்ததில் நுனிகள் மட்டும் நிறம் மாறியிருக்கும். பிறகு இரண்டும் எதிரெதிர்த் துருவங்களுக்குப் போய்விடும். மாணவர்கள் படத்தை வரைந்துகொள்வார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் பெறுவார்கள்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டு கேள்விகள் எழும். உட்கருவுக்குள் 46 குரோமோசோம்கள் கலந்து கிடக்கும்போது ஒரு குரோமோசோம் தன் ஜோடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடைசியில் பிரியத்தான் போகின்றன என்றால், முதலில் ஏன் வந்து சேர வேண்டும்?

இரண்டாவது கேள்விக்கு நாம் சொல்லும் பதில், "குறுக்கேற்றம் நடப்பதற்காக, அதனால் மரபு வேறுபாடு உண்டாகிறது" என்பது. இது சரியான பதில்தான், ஆனால் முழுமையானது அல்ல. வேறுபாட்டை உண்டாக்குவதற்கு முன்பே குறுக்கேற்றம் இன்னொரு அவசர வேலையைச் செய்கிறது. குரோமோசோம்களின் எண்ணிக்கை தவறாமல் சரிபாதியாகப் பிரிவதற்குத் தேவையான முடிச்சைப் போடுவது அதுதான். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் புரோஃபேஸ் நிலைகள், எக்ஸ்-ஒய் குரோமோசோம்கள், டவுன் சிண்ட்ரோம், கோவேறு கழுதையின் மலட்டுத்தன்மை என்று தனித்தனியாக மனப்பாடம் செய்யப்படும் பல செய்திகள் ஒரே சரட்டில் கோக்கப்பட்டுவிடும். விந்தணுக்களை உருவாக்கும் செல்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைப் பார்ப்போம்.

விந்தகம் சொல்லிய விடைகள்

குரோமோசோம்கள் பற்றிய முக்கியமான கண்டுபிடிப்புகள் பலவும் ஆண் உயிரிகளின் விந்தகத்திலிருந்தே கிடைத்தன. பெண்ணின் உடலில் குன்றல் பகுப்பு அவள் பிறப்பதற்கு முன்பே, கருவில் இருக்கும்போதே தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. விந்தகத்திலோ பருவமடைந்த நாள் முதல் அது இடைவிடாமல் நடக்கிறது. விந்தகத்தின் ஒரு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் பகுப்பின் எல்லா நிலைகளையும் அருகருகே காணலாம்.

1902-இல் அமெரிக்க மாணவர் வால்டர் சட்டன் ஒரு பெரிய வெட்டுக்கிளி இனத்தின் விந்தகச் செல்களைப் பார்த்தார். குரோமோசோம்கள் அளவு வாரியாக இரண்டிரண்டாக இருப்பதையும், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும் என்பதையும், மெண்டல் சொன்ன காரணிகளின் நடத்தை இதனோடு பொருந்துவதையும் எடுத்துரைத்தார். 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழு வண்டின் ஆண் செல்களில் 19 பெரிய குரோமோசோம்களுடன் ஒரு சிறிய குரோமோசோமையும், பெண் செல்களில் 20 பெரிய குரோமோசோம்களையும் கண்டார். பால் நிர்ணயத்துக்கும் குரோமோசோமுக்கும் உள்ள தொடர்பு அங்கே வெளிப்பட்டது. 1909-இல் பெல்ஜியத்தின் ஜான்சென்ஸ், சாலமாண்டரின் விந்தகச் செல்களில் குரோமோசோம்கள் எக்ஸ் வடிவில் குறுக்கிட்டு நிற்பதைக் கவனித்து, அங்கே துண்டுகள் இடம் மாறுகின்றன என்றார். அந்தக் குறுக்கிட்ட இடத்தைத்தான் நாம் கயாஸ்மா என்கிறோம்.

மனிதக் குரோமோசோம்களின் எண்ணிக்கையும் விந்தகத்தோடு தொடர்புடையது. 1923-இல் பெயின்டர் விந்தகச் செல்களை எண்ணி 48 என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களில் அதுவே நின்றது. 1956-இல் ஸ்வீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் வளர்ப்புச் செல்களில் 46 என்று கண்டனர். அதே ஆண்டு இங்கிலாந்தில் ஃபோர்டும் ஹேமர்டனும் விந்தணு உருவாகும் செல்களில் 23 இணைகளைப் பார்த்து அதை உறுதிசெய்தனர். இணைசேர்ந்த நிலையில் எண்ணுவது எளிதாக இருந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம்.

சாதாரணப் பகுப்பில் ஜோடி தேவையில்லை

விந்தகத்தின் விந்து நுண்குழல்களில் சுவரோரமாக இருக்கும் ஸ்பெர்மட்டோகோனியாக்கள் முதலில் மறைமுகப் பகுப்பால், அதாவது மைட்டாசிஸால் பெருகுகின்றன. அவற்றில் சில வளர்ந்து முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட்டுகள் ஆகின்றன. குன்றல் பகுப்பு தொடங்குவது இவற்றில்தான். ஒரு ஸ்பெர்மட்டோகோனியத்திலிருந்து முழு விந்தணு உருவாக மனிதனில் சுமார் 64 நாட்கள் ஆகின்றன. அதில் மூன்று வாரங்களுக்கு மேல் முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட்டாகவே கழிகின்றன. செல் இவ்வளவு நாள் எதற்காகச் செலவிடுகிறது என்று மாணவர்களிடம் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடரலாம்.

மைட்டாசிஸில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை நகலெடுத்து இரண்டு சகோதரி குரோமாட்டிட்களாகிறது. இரண்டும் சென்ட்ரோமியரில் ஒட்டியே பிறக்கின்றன. கதிர்கோல் இழைகள் ஆளுக்கொன்றாக இழுத்துப் பிரிக்கின்றன. தாயின் 7-ஆம் குரோமோசோமும் தந்தையின் 7-ஆம் குரோமோசோமும் ஒன்றையொன்று தேட வேண்டிய அவசியமே இல்லை.

முதல் குன்றல் பகுப்பில் நிலைமை வேறு. இங்கே பிரிய வேண்டியவை சகோதரிகள் அல்ல. தாயின் 7-உம் தந்தையின் 7-உம். இவை ஒட்டிப் பிறந்தவை அல்ல. இரண்டும் ஒரே துருவத்துக்குப் போய்விடாமல் ஆளுக்கொரு பக்கம் போக வேண்டுமானால், இவை ஒரு ஜோடி என்பது கதிர்கோல் இழைகளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு இவற்றுக்கிடையே முதலில் ஒரு பிணைப்பை உண்டாக்க வேண்டும். மூன்று வாரமும் இந்த வேலைக்காகத்தான்.

தேடலும் ஒப்பிடலும்

புரோஃபேஸின் உட்பிரிவுப் பெயர்கள் மாணவர்களுக்குப் பெரும் சுமை. பொருள் தெரிந்தால் சுமை குறையும். எல்லாம் கிரேக்கச் சொற்கள். லெப்டோட்டீன் என்றால் மெல்லிய இழை. சைகோட்டீன் என்றால் இணைந்த இழை. சைகோ என்பதன் வேர்ச்சொல் இரு மாடுகளைப் பூட்டும் நுகத்தடியைக் குறிப்பது. சைகோட் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. பாக்கிட்டீன் என்றால் தடித்த இழை. டிப்ளோட்டீன் என்றால் இரட்டை இழை. மெலிந்து, பூட்டி, தடித்து, இரண்டாகத் தெரிந்து என்று வரிசையைச் சொல்லிக்கொடுத்தால் மறக்காது.

லெப்டோட்டீன் நிலையில் குரோமோசோம்களின் நுனிகளான டெலோமியர்கள் உட்கரு உறையின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு உறையின் மேல் நகர்ந்து ஒரு பக்கமாகக் குவிகின்றன. பார்ப்பதற்குக் காம்புகளைச் சேர்த்துப் பிடித்த பூங்கொத்து போலிருப்பதால் இந்நிலைக்குப் பூங்கொத்து நிலை என்றே பெயர். உறைக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் உள்ள புரதங்கள் இந்த நுனிகளைப் பற்றி அசைக்கின்றன. நீண்ட இழைகள் உட்கருவுக்குள் அலைக்கப்படுவதால் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது.

சந்தித்தால் மட்டும் போதாது. தன் ஜோடிதானா என்று சரிபார்க்க வேண்டும். இங்கேதான் செல் ஒரு துணிச்சலான காரியம் செய்கிறது. ஸ்போ-11 என்ற நொதியைக் கொண்டு தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டிக்கொள்கிறது. எலியின் ஒரு ஸ்பெர்மட்டோசைட்டில் இப்படி 200 முதல் 300 இடங்களில் வெட்டு விழுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் ஓர் இழை சற்றுச் செதுக்கப்பட்டு, மறு இழை வால் போல் வெளியே நீட்டுகிறது. அந்த வால், தன் எழுத்து வரிசைக்குப் பொருந்தும் வரிசை எங்கே இருக்கிறது என்று பக்கத்துக் குரோமோசோம்களில் தேடுகிறது. ஒத்த குரோமோசோமில் அதே வரிசை கிடைத்ததும் அதை மாதிரியாக வைத்து வெட்டைச் சரிசெய்கிறது. ஆக, குரோமோசோம்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது நீளத்தையோ வடிவத்தையோ வைத்து மட்டுமல்ல. எழுத்து வரிசையை ஒப்பிட்டுத்தான்.

பொருத்தம் உறுதியானதும் இரண்டுக்கும் நடுவே புரதங்களாலான ஓர் ஏணி அமைப்பு உருவாகி, ஜிப் மூடுவதுபோல் இரண்டையும் முழு நீளத்துக்கும் சேர்த்துவிடுகிறது. இதுவே சினாப்டோனிமல் தொகுதி. 1956-இல் மோசஸ் என்பவர் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நன்னீர் இறால் வகையான கிரேஃபிஷின் ஸ்பெர்மட்டோசைட்டில் கண்டார். சைகோட்டீனில் இந்த ஜிப் மூடத் தொடங்குகிறது; பாக்கிட்டீனில் முழுவதும் மூடியிருக்கிறது.

முடிச்சு விழும் இடம்

வெட்டுகளில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் சரிசெய்யப்பட்டுவிடுகின்றன. ஒரு சிறு பங்கு மட்டுமே குறுக்கேற்றமாக முடிகிறது. மனித ஆணின் ஒரு ஸ்பெர்மட்டோசைட்டில் மொத்தம் சுமார் 50 குறுக்கேற்றங்கள். இருப்பவை 23 ஜோடிகள். பெரிய குரோமோசோம்களுக்கு மூன்று, நான்கு கிடைக்கும். 21, 22 போன்ற சிறியவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றே. எண்ணிக்கை குறைவுதான் என்றாலும் பங்கீட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது ஒன்றாவது கிடைக்கும்படி செல் பார்த்துக்கொள்கிறது. வேறுபாட்டை உண்டாக்குவது மட்டுமே நோக்கமாக இருந்தால் இந்த "ஜோடிக்கு ஒன்றாவது" என்ற கட்டாயம் தேவைப்பட்டிருக்காது.

டிப்ளோட்டீனில் ஜிப் அவிழ்ந்துவிடுகிறது. இணைக்கும் ஏணி போய்விட்டது. இப்போது தாயின் குரோமோசோமையும் தந்தையின் குரோமோசோமையும் சேர்த்துப் பிடித்திருப்பவை இரண்டு: ஒன்று, குறுக்கேற்றம் நடந்த இடம். மற்றொன்று, சகோதரி குரோமாட்டிட்களை நீளவாக்கில் கட்டி வைத்திருக்கும் கொஹீசின் என்ற புரத வளையங்கள். தாயின் ஒரு குரோமாட்டிட்டின் நுனி தந்தையின் பக்கம் போய்விட்டது. ஆனால் அந்த நுனியைத் தாயின் இன்னொரு குரோமாட்டிட் கொஹீசினால் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் இரண்டு குரோமோசோம்களும் விலக முடியாமல் நிற்கின்றன.

இப்போது கதிர்கோல் இழைகள் இரு பக்கமும் இழுக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளலாம். இரு அணியும் எதிரெதிர்ப் பக்கம் நின்று இழுத்தால் கயிறு விறைக்கும். இரு அணியும் ஒரே பக்கம் நின்றால் கயிறு தொய்ந்து கிடக்கும். செல் கவனிப்பது இந்த விறைப்பைத்தான். புரூஸ் நிக்லஸும் கரோல் கோச்சும் 1969-இல் வெட்டுக்கிளியின் ஸ்பெர்மட்டோசைட்டுகளில் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் குரோமோசோமை இழுத்துப் பார்த்தனர். ஒரே துருவத்தோடு தவறாக இணைந்த ஜோடி இயல்பாக நிலைக்காது; இணைப்பு அறுந்து மறுபடி முயலும். ஊசியால் இழுத்து விறைப்பைக் கொடுத்தபோது அந்தத் தவறான இணைப்பே நிலைத்து நின்றது. சரி, தவறு என்பதைச் செல் அறிவது இழுவிசையால் என்பதற்கு இது நேரடிச் சான்று.

எல்லா ஜோடிகளும் விறைத்து நின்ற பிறகு, கைகளில் உள்ள கொஹீசின் வளையங்கள் அறுக்கப்படுகின்றன. ஜோடிகள் பிரிந்து ஆளுக்கொரு துருவம் செல்கின்றன. இரண்டாம் பகுப்பில் சென்ட்ரோமியரில் எஞ்சிய கொஹீசினும் அறுந்து சகோதரிகள் பிரிகின்றன. ஒரு ஸ்பெர்மட்டோசைட்டிலிருந்து 23 குரோமோசோம்கள் கொண்ட நான்கு ஸ்பெர்மட்டிட்கள் கிடைக்கின்றன. எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல். அதனால் மட்டுமே 2-இன் அடுக்கு 23, அதாவது 83,88,608 விதமான சேர்க்கைகள் சாத்தியம். குறுக்கேற்றத்தையும் சேர்த்தால் கணக்குக்கு அடங்காது.

எக்ஸ்-ஒய்: மூன்று சென்டிமீட்டர் உறவு

22 ஜோடிகளுக்கு முழு நீளமும் பொருந்தும். எக்ஸ், ஒய் இரண்டும் அப்படியல்ல. ஸ்பெர்மட்டோசைட் தாண்ட வேண்டிய கடினமான கட்டம் இதுதான். 10 லட்சம் காரஇணைகளை 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் குரோமோசோம் சுமார் 155 செ.மீ. நீளம். ஒய் சுமார் 62 செ.மீ. இரண்டும் ஒத்துப்போய் வழக்கமாகக் குறுக்கேற்றம் நடக்கும் பகுதி ஒரு நுனியில் 3 செ.மீ.க்கும் குறைவு. மறு நுனியில் இன்னொரு ஒத்த பகுதி உண்டு. அது வெறும் 3 மில்லிமீட்டர். இவற்றைப் போலி ஆட்டோசோம் பகுதிகள் என்கிறோம்.

அந்த 3 செ.மீ.க்குள் ஒரு முடிச்சு விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் எக்ஸும் ஒய்யும் பிடிப்பில்லாமல் நிற்கும். பெரும்பாலும் செல் அதைக் கண்டுகொண்டு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. சில வேளைகளில் தப்பி, எக்ஸும் ஒய்யும் சேர்ந்தே ஒரு விந்தணுவுக்குப் போய்விடுகின்றன. அந்த விந்தணுவால் கருவுற்றால் எக்ஸ்.எக்ஸ்.ஒய். அமைப்புடைய குழந்தை பிறக்கும். இதுவே கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம். 500 முதல் 1000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. இவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கூடுதல் எக்ஸ் தந்தையின் விந்தணு வழியாக வந்தது.

முடிச்சு விழும் இடம் சற்று விலகினாலும் விளைவு உண்டு. ஆண் தன்மையைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு 1990-இல் கண்டறியப்பட்டது. அது ஒய் குரோமோசோமில் அந்த 3 செ.மீ. பகுதியின் எல்லையை ஒட்டியே இருக்கிறது. குறுக்கேற்றம் எல்லை தாண்டி நடந்தால் எஸ்.ஆர்.ஒய். எக்ஸுக்கு இடம் மாறிவிடும். அப்படிப்பட்ட எக்ஸைப் பெறும் குழந்தை எக்ஸ்.எக்ஸ். அமைப்போடு ஆணாக வளரும். சுமார் 20,000 ஆண்களில் ஒருவர் எக்ஸ்.எக்ஸ். அமைப்புடையவர், அவர்களில் பெரும்பாலோர் இப்படி உருவானவர்களே. "எக்ஸ்.எக்ஸ். என்றால் பெண், எக்ஸ்.ஒய். என்றால் ஆண்" என்று ஒரே வரியில் முடிக்கும் இடத்தில் இதையும் ஒரு வாக்கியமாகச் சேர்க்கலாம்.

கோவேறு கழுதையும் ஒட்டிய குரோமோசோம்களும்

குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 32-உம் 31-உம் சேர்ந்து 63. அது வலுவான விலங்கு; மலைப்பாதையில் சுமை தூக்கும். உடல் செல்களில் நடப்பது மைட்டாசிஸ். அதற்கு ஜோடி தேவையில்லை. ஆனால் அதன் விந்தகத்தில் குன்றல் பகுப்பு தொடங்கியதும் சிக்கல் வருகிறது. குதிரையின் குரோமோசோம்களும் கழுதையின் குரோமோசோம்களும் எண்ணிக்கையிலும் அமைப்பு வரிசையிலும் வேறுபடுவதால் இணைசேர்தல் ஒழுங்காக நடப்பதில்லை. செல்கள் அந்த நிலையிலேயே அழிகின்றன. கோவேறு கழுதைக்குக் குட்டி இல்லாததன் காரணம் உடல் பலவீனம் அல்ல, இணைசேர்தல் தோல்வி.

மனிதர்களிலும் அமைப்பு மாறிய குரோமோசோம்கள் உண்டு. சுமார் 1000 பேரில் ஒருவருக்கு இரண்டு குரோமோசோம்களின் நீண்ட கைகள் ஒட்டி ஒன்றாகியிருக்கும். இதற்கு ராபர்ட்சோனியன் இடமாற்றம் என்று பெயர். 13-உம் 14-உம் ஒட்டியிருப்பதே அதிகம் காணப்படும் வகை. எண்ணினால் 45 தான் இருக்கும். தேவையான மரபணுக்கள் எல்லாம் இருப்பதால் அவர் நலமாகவே வாழ்கிறார். ஆனால் அவருடைய இனச்செல்கள் உருவாகும்போது ஒட்டிய குரோமோசோம், தனி 13, தனி 14 ஆகிய மூன்றும் ஒன்றாக இணைசேர வேண்டியிருக்கிறது. ஒட்டியது ஒரு பக்கமும் மற்ற இரண்டும் மறுபக்கமும் போனால் கணக்கு சரி. வேறு விதமாகப் பிரிந்தால் கூடுதலோ குறைவோ ஆகிவிடும். சில ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவதற்கும், சில தம்பதிகளுக்குத் திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஏற்படுவதற்கும் இது ஒரு காரணம்.

டவுன் சிண்ட்ரோமில் கூடுதல் 21-ஆம் குரோமோசோம் சுமார் 90 விழுக்காடு கருமுட்டை வழியாக வருகிறது. இதையும் முடிச்சைக் கொண்டே விளக்கலாம். கருமுட்டைச் செல்லில் முடிச்சுகள் அந்தப் பெண் பிறக்கும் முன்பே விழுந்துவிட்டன. கொஹீசின் வளையங்கள் அந்தப் பிணைப்பை இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் காத்து நிற்க வேண்டும். காலப்போக்கில் அவை தளர்கின்றன. விந்தகத்திலோ ஒவ்வொரு செல்லும் சில வாரங்களில் வேலையை முடித்துவிடுகிறது.

ஒரு விதிவிலக்கு

எல்லா உயிரிகளிலும் குறுக்கேற்றம்தான் முடிச்சு என்று சொல்லிவிடக் கூடாது. ஆண் பழ ஈயில் குறுக்கேற்றமே நடப்பதில்லை. மார்கனின் ஆய்வுக்கூடத்திலேயே இது கண்டறியப்பட்டது. அங்கே வேறு புரதங்கள் ஜோடிகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. முடிச்சு போடும் முறை மாறலாம். முடிச்சு இல்லாமல் பிரிக்க முடியாது என்பது மாறவில்லை. மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இதைச் சிந்தனை வினாவாகக் கொடுக்கலாம்.

வகுப்பறைச் செயல்பாடு: நூலும் ஊக்கும்

தேவையானவை: சிவப்பு, நீல உல்லன் நூல், நான்கு ஊக்குகள், கத்தரிக்கோல்.

1. 60 செ.மீ. நீளத்தில் சிவப்பு நூல் இரண்டு, நீல நூல் இரண்டு வெட்டிக்கொள்ளவும். ஒரே நிற நூல்கள் இரண்டையும் ஒரு முனையில் சேர்த்து முடிச்சிடவும். இது சென்ட்ரோமியர். மறுமுனைப் பக்கம் இரண்டு நூல்களையும் சேர்த்து ஊக்குக் குத்தவும். இது கொஹீசின். நீலத்துக்கும் அப்படியே.

2. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து, இரு மாணவர்கள் கண்களை மூடிக்கொண்டு ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்து மெதுவாக இழுக்கட்டும். எதிர்ப்பக்கம் நின்றாலும் ஒரே பக்கம் நின்றாலும் கைக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

3. ஊக்குகளைக் கழற்றவும். ஒரு சிவப்பு நூலையும் ஒரு நீல நூலையும் நடுவில் வெட்டி, துண்டுகளை நிறம் மாற்றி முடிச்சிடவும். பிறகு சிவப்பு நுனியைச் சிவப்பு நுனியோடும், நீல நுனியை நீல நுனியோடும் ஊக்கால் இணைக்கவும்.

4. மறுபடி கண்களை மூடி இழுக்கட்டும். எதிரெதிர்ப் பக்கம் நின்றால் நூல் விறைக்கும்; ஒரே பக்கம் நின்றால் தொய்யும். பார்க்காமலேயே சரியா தவறா என்று சொல்லிவிட முடியும்.

5. ஊக்குகளைக் கழற்றி இழுத்தால் ஜோடி பிரியும். இது முதல் பகுப்பு. சென்ட்ரோமியர் முடிச்சுகளை அவிழ்த்தால் நான்கு நூல்கள்: முழுச் சிவப்பு, சிவப்பு-நீலம், நீலம்-சிவப்பு, முழு நீலம். நான்கு விந்தணுக்களுக்கு நான்கு விதம்.

எக்ஸ்-ஒய் ஜோடிக்கு 155 செ.மீ. நூலும் 62 செ.மீ. நூலும் எடுத்து, ஒரு நுனியில் 3 செ.மீ. மட்டும் மையால் குறித்துத் தொங்கவிடவும். விளக்கம் அதிகம் தேவைப்படாது.

தொடக்க வகுப்புகளில் இதே கருத்தை அறிவியல் சொற்கள் இல்லாமல் விளையாட்டாக நடத்தலாம். ஒரே நீளமுள்ள பாசிமணிச் சரங்களைச் செய்து, ஒவ்வொரு நிற வரிசையிலும் இரண்டு சரங்கள் இருக்கும்படி கலந்து கொடுக்கவும். குழந்தைகள் தங்கள் ஜோடியைத் தேடட்டும். நீளம் ஒன்றாக இருந்தாலும் வரிசை மாறினால் ஜோடி இல்லை என்பதை அவர்களே சொல்வார்கள்.

பேசும்போது கவனிக்க வேண்டியவை

இந்தப் பாடம் வீடுகளைத் தொடும் பாடம். குழந்தை இல்லையென்றால் பெண்ணையே குறைசொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குழந்தைப்பேறின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதிகளில் ஆணின் பங்கும் உண்டு. விந்தகத்தில் இணைசேர்தல் தடைபட்டு, விந்தணு உருவாகாமல் நின்றுவிடுவது அதில் ஒரு வகை. அப்படிப்பட்ட ஆண் பார்வைக்கு முழு ஆரோக்கியத்துடன் இருப்பார். இதைப் பாடத்தின் பகுதியாக இயல்பாகச் சொல்லிவிடலாம். பெண் குழந்தை பிறந்ததற்குத் தாயைப் பழிப்பது ஏன் பொருளற்றது என்பதையும், எக்ஸும் ஒய்யும் ஸ்பெர்மட்டோசைட்டில் பிரியும் படத்தைக் காட்டியே விளக்கலாம். அதற்காகத் தந்தையையும் பழிக்க வேண்டியதில்லை. அது எவருடைய விருப்பத்தாலும் நடப்பதல்ல.

நம் வகுப்பிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையோ, அவருடைய அண்ணனோ தங்கையோ இருக்கலாம். "குறைபாடு", "ஊனம்" போன்ற சொற்களைத் தவிர்த்து "ஒரு குரோமோசோம் கூடுதலாக உள்ளவர்" என்று சொல்லிப் பழகுவோம். யாருடைய தவற்றாலும் இது வருவதில்லை என்பதை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் வகுப்பில் யாருக்குத் தேவைப்படுகிறது என்பது நமக்குத் தெரியாது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மைட்டாசிஸில் ஒத்த குரோமோசோம்கள் இணைசேர வேண்டியதில்லை. முதல் குன்றல் பகுப்பில் ஏன் சேர வேண்டும்?

2. ஒரு ஜோடியில் குறுக்கேற்றமே நடக்கவில்லை என்றால், அந்த ஜோடியிலிருந்து உருவாகும் விந்தணுக்களில் என்னென்ன நேரலாம்?

3. நூல் மாதிரியில் ஊக்குகளைக் குத்தாமல் துண்டுகளை மட்டும் மாற்றி முடிச்சிட்டு இழுத்தால் நூல் விறைக்குமா? செய்து பார்த்துக் காரணம் கூறுக.

4. கோவேறு கழுதையின் தோல் காயம் ஆறுகிறது. ஆனால் அதற்கு விந்தணு உருவாவதில்லை. இரண்டையும் ஒரே விளக்கத்தால் பொருத்துக.

"குறுக்கேற்றத்தின் முக்கியத்துவம் யாது?" என்ற வழக்கமான வினாவுக்கு மாணவர்கள் இனி இரண்டு வரி எழுதட்டும். முதல் வரி: ஒத்த குரோமோசோம்களைப் பிணைத்து, அவை சரியாகப் பிரிய உதவுகிறது. இரண்டாம் வரி: மரபு வேறுபாட்டை உண்டாக்குகிறது. இந்த வரிசையில் எழுதும் மாணவர், நாம் வரைந்த படத்தைப் புரிந்துகொண்டார் என்று நம்பலாம்.